மூன்று 'ஏ' எடுத்தும் ஏன் கிடைக்கவில்லை? – ஒரு வரலாற்றுக் குறிப்பு

பெறுபேறு வந்தால் எங்கள் ஊர்களில் ஒரே கேள்விதான்: "அந்தப் பிள்ளைக்கு ரெண்டு ஏ, ஒரு பீ. என்ட மகளுக்கு மூணு ஏ. எப்படி அந்தப் பிள்ளை முந்தினது?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஐம்பது வருட வரலாறு இருக்கிறது. பெற்றோர் அறிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறோம்.

1970இல் தமிழ்மொழி மூல விடைத்தாள்களுக்குப் புள்ளிகள் அள்ளி வழங்கப்பட்டதாக ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அடுத்த அனுமதியில் மருத்துவ பீடத்துக்கு 400இல் சிங்கள மொழிமூலத்துக்கு 229, தமிழ்மொழி மூலத்துக்கு 250 என வெட்டுப்புள்ளி வைத்தார்கள். தமிழில் பரீட்சை எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் சனத்தொகைப்படி மாவட்டக் கோட்டா வந்தது.

இதில் நாம் நேர்மையாக இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் இளைஞர்களின் மனதில் ஆறாத காயமானது. யாழ்ப்பாணப் பிள்ளைகள் பெருமளவு இடங்களை இழந்தார்கள். மாவட்டக் கோட்டாவோ ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத மாவட்டங்களுக்குக் கதவைத் திறந்தது. திருகோணமலையும் அவற்றில் ஒன்று. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் மொழிவாரி முறை போனது. மாவட்டக் கோட்டா வேறு வேறு விகிதங்களில் நிலைத்தது. பிற்காலத்தில் அது 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்றானது. அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் எங்கள் மாவட்டம் இருக்கிறது.

ஆனால் இன்னொரு அநீதி மிச்சமிருந்தது. ஒரு பாட வினாத்தாள் இலகு, இன்னொன்று கடினம். வெறும் புள்ளிகளைக் கூட்டினால் இலகுவான பாடம் எடுத்தவரே வெல்வார். அதற்காகத்தான் 2001 உயர்தரப் பரீட்சையுடன் இஸட் புள்ளி வந்தது. கணக்கு எளிது. பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் அப்படிச் செய்து சராசரி எடுப்பார்கள்.

ஒரு கற்பனை உதாரணம்: பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 15. 70 எடுத்தவருக்கு 'பீ'. இஸட் புள்ளி 2.0. வேறொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 10. 75 எடுத்தவருக்கு 'ஏ'; இஸட் புள்ளி 1.5 மட்டுமே. அந்த 'பீ' இந்த 'ஏ'யை முந்துகிறது. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை.

இந்த முறையிலும் தவறு நடக்கலாம். 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதிய இரு சாராரையும் ஒன்றாகக் கணித்தார்கள். பிள்ளைகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் அந்தக் கணிப்பு இரத்தாகி, இரு சாராருக்கும் வேறாகக் கணிக்க வேண்டியதாயிற்று. கேட்டதால்தான் திருந்தியது.

ஆகவே பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள். 'ஏ'க்களை எண்ணிப் பிள்ளைகளை ஒப்பிடாதீர்கள். இலகுவாக 'ஏ' வரும் என்று யாரோ சொன்னதற்காகப் பாடம் தெரிவு செய்யாதீர்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கடந்த வருடங்களின் திருகோணமலை வெட்டுப்புள்ளியைப் பாடநெறி வாரியாகப் பாருங்கள். விருப்பத் தெரிவு வரிசையைக் கவனமாக நிரப்புங்கள்.

"கோட்டாவில் போன பிள்ளை" என்று யாரும் இளக்காரமாகச் சொன்னால் தலை குனியவும் வேண்டாம். 2006இல் மூதூரிலிருந்து அகதியாக ஓடி, முகாமில் இருந்து படித்த பிள்ளையையும் தலைநகரில் வசதியோடு படித்த பிள்ளையையும் ஒரே கோலால் அளப்பதா நீதி? அதேநேரம் கோட்டாவின் இடங்களை நகரப் பாடசாலைகளே நிரப்பி, தோப்பூரும் ஈச்சிலம்பற்றும் பார்த்துக்கொண்டிருந்தால், மாவட்டத்துக்குள் அதே அநீதியை நாமே செய்தவர்களாவோம். அங்கே ஒரு விஞ்ஞான ஆசிரியரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எங்கள் எல்லோருடைய பொறுப்பு.