சாய்ந்த இணைகரமும் சாய்ந்து போன கம்பெனியும்

முதல் முதலா ரோடு பைக் வாங்கறவங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம் இது: "ரியர் டீரெய்லர் விலை கம்மியா இருக்கே, கியர் ஒழுங்கா மாறுமா? கிளாரிஸ் போதுமா, இல்ல ரெண்டு படி மேல போய் டியாக்ரா வாங்கணுமா?"

என் பதில்: தாராளமா போதும். ஏன் போதும்ங்கறதுக்குப் பின்னாடி அறுபது வருஷக் கதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் சோகக் கதை.

ரியர் டீரெய்லர்ங்கறது பின்சக்கரத்துப் பக்கத்துல தொங்கிக்கிட்டு, செயினை ஒரு பல்சக்கரத்துலேர்ந்து அடுத்ததுக்குத் தள்ளுற சாமான். இன்னிக்கு இது இல்லாம பந்தய சைக்கிளை நினைச்சே பாக்க முடியாது. ஆனா டூர் டி பிரான்ஸ் பந்தயத்துல இதுக்கு அனுமதி கிடைச்சதே 1937ல தான். அதுவரைக்கும் மலை வந்தா வீரர் இறங்கி, பின்சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டணும். ரெண்டு பக்கமும் வேற வேற அளவுல பல்சக்கரம் இருக்கும். பந்தயத்தை ஆரம்பிச்ச ஆன்ரி தெக்ரான்ஜுக்கு கியர்னாலே ஆகாது!

1950களோட தொடக்கத்துல இத்தாலிக் கம்பெனி கம்பாக்னோலோ 'கிரான் ஸ்போர்ட்' மாடலைக் கொண்டு வந்தாங்க. கேபிளை இழுத்தா ஒரு இணைகரம் (அதேதாங்க, ஸ்கூல் கணக்குல வந்த இணைகரம்) மடங்கும், செயின் பக்கவாட்டுல நகரும். அழகான வேலை. ஒரே ஒரு குறை. செயினை வழிநடத்துற குட்டிச்சக்கரம் கிடைமட்டமா நகருது. பின்னாடி இருக்கற பல்சக்கர அடுக்கோ கூம்பு மாதிரி சரியுது. சின்னப் பல்சக்கரத்துக்குப் போகப் போக நடுவுல இடைவெளி அதிகமாகும். இடைவெளி அதிகமானா செயின் வளைஞ்சு கொடுக்கும், மாறத் தயங்கும்.

1964ல ஜப்பான்ல மாயேதா கம்பெனி (பிராண்டு பேரு சன்டூர்) இதைத் தீர்த்தது. அங்க இருந்த நொபுவோ ஒசாகி செஞ்சது ரொம்ப சிம்பிள்: இணைகரத்தையே சாய்ச்சு வெச்சுட்டார். கூம்போட சரிவை ஒட்டியே குட்டிச்சக்கரமும் நகர ஆரம்பிச்சது, இடைவெளி கிட்டத்தட்ட மாறாம நின்னது. அம்புட்டுதான்!

1970கள்ல அமெரிக்காவுல சைக்கிள் மோகம் தலைக்கேறினப்ப, மலிவு சைக்கிள்ல வந்த சன்டூர், பல மடங்கு விலையுள்ள கம்பாக்னோலோவை விட நல்லா கியர் மாத்துச்சு. ஆனா பந்தய வீரர்கள் கையில இருந்தது கம்பாக்னோலோ. கௌரவமும் அதுக்குத்தான்.

1984ல சன்டூரோட காப்புரிமை முடிஞ்சது. அதே வருஷம் ஷிமானோ 'டியூரா ஏஸ் 7400' வந்தது. சாய்ந்த இணைகரம், கூடவே ஒரு கிளிக்குக்கு ஒரு கியர். குத்துமதிப்பா லீவரைத் தள்ற காலம் முடிஞ்சது. ஷிஃப்டர், கேபிள், செயின், பல்சக்கரம் எல்லாத்தையும் ஒரே செட்டா வடிவமைச்சதுதான் ஷிமானோவோட சாமர்த்தியம். சன்டூர் பதிலுக்கு 'அக்யூஷிஃப்ட்' விட்டாங்க, எடுபடல. 1988ல கம்பெனி கைமாறிடுச்சு. இப்போ அந்தப் பேரை ஆரம்பநிலை மவுண்டன் பைக்குகளோட ஃபோர்க்ல 'எஸ்ஆர் சன்டூர்'னு பாக்கலாம். நல்ல ஐடியா ஜெயிச்சது, கண்டுபிடிச்சவன் தோத்தான்.

லாபம் நமக்குத்தான். அந்தச் சாய்ந்த இணைகரம் இன்னிக்கு கிளாரிஸ்லயே இருக்கு. மேல போகப் போக நீங்க காசு குடுக்கறது கூடுதல் கியருக்கும், குறைஞ்ச எடைக்கும், பளபளப்புக்கும்.

அதனால விலையைப் பாக்காம, பொருத்தத்தைப் பாருங்க. ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்கும்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷிஃப்டருக்கு ஒத்துப் போகாத டீரெய்லர் எவ்வளவு விலை குடுத்தாலும் தகராறுதான். அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. முன்னாடி 50-34, பின்னாடி 11-28 இருந்தா, 16 + 17 = 33 பல். இவ்வளவு தளர்வான செயினை டீரெய்லர் இழுத்துப் பிடிக்கணும். மலை ஏற 11-32 போட்டா அதுவே 37 ஆயிடும். அதோட அந்த 32 பல் சக்கரத்தையும் டீரெய்லர் தாங்கணும். ரெண்டு எண்ணையும் டீரெய்லரோட விவரத்துல சரிபாருங்க. பத்தலைன்னா நீளக் கூண்டு உள்ளதை வாங்குங்க.

கியர் தகராறு பண்ணா உடனே டீரெய்லரைத் திட்டாதீங்க. முதல்ல துருப்பிடிச்ச கேபிளையும் வளைஞ்ச ஹேங்கரையும் பாருங்க. மிச்சமாகற காசுல நல்ல டயர் வாங்குங்க.