படத்தில் இருந்தவளை யார் கேட்டார்கள்?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டார். "ஆபாசப் படத்தைத் தடை செய்யலாமா என்று எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வாள், இதுக்கு ஒரு பட்டிமன்றமா?" என்றார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் அம்மா, இதே தலைப்பில் அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு மேல் சண்டை நடந்தது. இரண்டு அணியிலும் பெண்கள்தான். இரண்டு அணியிலும் பெண்ணியவாதிகள்தான். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற ஒரு நடுவர்தான் கிடைக்கவில்லை! (சிரிப்பு)

அதற்கு முந்தைய சட்டம் என்ன கேட்டது தெரியுமா? 1868-ல் இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கு. சபலப்பட்ட மனசு உள்ளவன் கையில் இந்தப் புத்தகம் கிடைத்தால் அவன் கெட்டுப் போவானா, அதுதான் அளவுகோல். நம் உச்ச நீதிமன்றமும் 1964-ல் அதே கோலை எடுத்துத்தான் அளந்தது. 2014-ல்தான் கீழே வைத்தது. கவனியுங்கள், கேள்வி முழுக்கப் பார்க்கிறவனைப் பற்றி. படத்தில் இருக்கிறவள் என்ன ஆனாள் என்று ஒரு வரி கிடையாது.

1972-ல் அமெரிக்காவில் ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம், குழந்தைகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் நடித்தவர் லிண்டா லவ்லேஸ். படித்தவர்களே வரிசையில் நின்று பார்த்தார்கள். 1980-ல் அந்தப் பெண் ஒரு புத்தகம் எழுதினார். கணவன் அடித்து, துப்பாக்கியைக் காட்டி மிரட்டித்தான் என்னை நடிக்க வைத்தான் என்றார். நம்பாதவர்கள் நிறையப் பேர். படத்தில் சிரிக்கிறாளே என்றார்கள். அடிக்குப் பயந்தவளும் சிரிப்பாள் ஐயா!

அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாசலில் நின்றாளே கண்ணகி, அவளுக்காவது உள்ளே விடச் சொல்ல ஒரு ராஜா இருந்தான்.

இந்த இடத்தில்தான் மினியாபொலிஸ் நகரம் வருகிறது. 1983. அங்கே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் மெக்கின்னன், ஆண்ட்ரியா ட்வார்க்கின் என்று இரண்டு பெண்கள் சேர்ந்து பாடம் நடத்துகிறார்கள். எங்கள் தெருவில் ஆபாசக் கடை வேண்டாம், அதற்குப் பேச வாருங்கள் என்று ஊர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். போனவர்கள் மாநகராட்சியில் என்ன சொன்னார்கள்? கடையை அடுத்த தெருவுக்குத் தள்ளுவது தீர்வே இல்லை என்றார்கள். பிறகு ஒரு புதுச் சட்டமே எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் இல்லை, ஜெயில் இல்லை. ஆபாசம் என்பது பெண்ணின் சம உரிமையைப் பறிக்கிற செயல். பாதிக்கப்பட்ட பெண்ணே வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். அவ்வளவுதான்.

டிசம்பரில் சாட்சியம் கேட்டார்கள். லிண்டாவே வந்து சொன்னார். புருஷன் அந்தப் படத்தைக் காட்டி இதே மாதிரி நட என்று கொடுமைப்படுத்திய கதையைப் பெண்கள் சபையில் எழுந்து நின்று சொன்னார்கள். எட்வர்ட் டோனர்ஸ்டைன் என்கிற உளவியல் பேராசிரியர் தன் ஆய்வுகளைச் சொன்னார். பின்னால் அவரே, கெடுதலுக்கு முக்கியக் காரணம் படத்தில் உள்ள வன்முறைதான், நிர்வாணம் அல்ல என்று விளக்கினார். இது சின்ன விஷயம் இல்லை. சட்டம் எழுதுகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டு 7-க்கு 6. சட்டம் நிறைவேறிவிட்டது! மேயர் டொனால்ட் ஃப்ரேசர் செல்லாது என்று தடுத்துவிட்டார்.

1984-ல் அதே சட்டம் இண்டியானபொலிஸ் நகரத்துக்குப் போனது. அங்கே அதைத் தூக்கிப் பிடித்தது யார்? பழமைவாதிகள். மாநகராட்சியில் கொண்டுவந்த அம்மையார், பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தையே எதிர்த்தவர்! வேண்டாத மாப்பிள்ளை, சீரோடு வந்து நிற்கிறான்.

அப்போதுதான் எதிர் அணிப் பெண்கள் எழுந்தார்கள். 1985-ல் மேல் நீதிமன்றத்தில் ஒரு மனு. பெட்டி ஃப்ரீடன், கேட் மில்லட், ஏட்ரியன் ரிச் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இந்தச் சட்டம் பெண்ணைச் சுயபுத்தி இல்லாத குழந்தை மாதிரி நடத்துகிறது என்றார்கள். எது இழிவு என்று முடிவு செய்யப்போவது யார் என்றார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. 1914-ல் மார்கரெட் சாங்கர் கருத்தடை பற்றிப் பத்திரிகை நடத்தியபோது, ஆபாசச் சட்டத்தைக் காட்டித்தான் அவர் மேல் வழக்குப் போட்டார்கள்.

இண்டியானபொலிஸ் சட்டத்தை முதலில் ரத்து செய்தவர் ஒரு பெண் நீதிபதி, சாரா எவன்ஸ் பார்க்கர். 1985-ல் மேல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தால் தலை சுற்றும். இந்தப் படங்கள் பெண்ணைத் தாழ்த்தி வைக்க உதவுகின்றன என்பதை நீதிபதி ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டு, பேச்சுக்கு எவ்வளவு வலிமை பார்த்தீர்களா, அதனால் அரசு இதில் கை வைக்கக்கூடாது என்கிறார்! சட்டப்படி சரியாக இருக்கலாம். லிண்டாவுக்கு என்ன பதில்? 1986-ல் உச்ச நீதிமன்றம் வாதமே கேட்காமல் ஆமோதித்துவிட்டது.

சரி, தடை வந்த இடத்தில் என்ன நடந்தது? எதிரணிச் சகோதரி கனடாவைச் சொன்னார். 1992-ல் பட்லர் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், ஒழுக்கம் கெடுகிறதா என்பதை விட்டுவிட்டுப் பெண்ணுக்குத் தீங்கு வருகிறதா என்று கேட்டது. பெண்கள் அமைப்பே வாதாடி வாங்கிய வெற்றி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே வருஷம் டொரன்டோ போலீஸ் எந்தக் கடைக்குள் நுழைந்தது? ஒருபால் விருப்பம் உள்ளவர்களின் புத்தகக் கடைக்குள். எதை எடுத்தது? பெண்களை நேசிக்கும் பெண்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திய பத்திரிகையை! (கைதட்டல்)

அதனால்தான் தடைச் சட்டம் வேண்டாம் என்கிறது எங்கள் அணி. ஆனால் மினியாபொலிஸ் சட்டத்தில் ஒரு பிரிவை மட்டும் நான் விட மாட்டேன் ஐயா: மிரட்டி நடிக்க வைக்கப்பட்டவள் வழக்குப் போடலாம் என்ற பிரிவு. அதில் பார்க்கிறவனின் ஒழுக்கம் வரவில்லை, போலீஸ்காரரின் ரசனை வரவில்லை. அவள் சம்மதித்தாளா, அது ஒன்றுதான் கேள்வி. 2025 மே மாதம் அதே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. சம்மதம் இல்லாமல் வெளியிட்ட அந்தரங்கப் படத்தை, கம்ப்யூட்டர் செய்த போலிப் படமானாலும் சரி, பாதிக்கப்பட்டவர் கேட்டால் 48 மணி நேரத்துக்குள் வலைத்தளங்கள் எடுத்தாக வேண்டும். லிண்டா 2002-லேயே இறந்துபோனார். அந்தப் படம் இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது.