ரோமாபுரியின் நீதி மாளிகை

1871ஆம் ஆண்டில் ஐக்கிய இத்தாலியின் தலைநகரான ரோமாபுரியில், எங்கு நோக்கினும் சக்கரவர்த்திகளின் இடிபாடுகளும் போப்பாண்டவர்களின் தேவாலயங்களுமே கண்ணை நிறைத்தனவாகையால், புதிய ராஜ்யம் தன் கீர்த்திக்குச் சின்னமாக நீதிக்கென்றே ஒரு மாளிகை எழுப்ப விரும்பியது இயல்பே. நீதி மந்திரி ஜுஸெப்பே ஸானார்தெல்லி, டைபர் நதிக்கரையில் புதிதாக உருவாகிவந்த பிராத்திப் பேட்டையிலேயே அது அமைய வேண்டுமென்று உறுதியாக நின்றார். கூலியெல்மோ கால்தெரீனியின் திட்டப்படி 1888 மார்ச்சில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது.

அந்த இடமோ நதி யுகயுகமாகக் கொணர்ந்து சேர்த்த வண்டல் பூமி. தோண்டத் தோண்ட ஜலம் ஊறியது. 1889 மே மாதத்தில் அந்த ஈரமண்ணிலிருந்து, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அடக்கம் செய்யப்பட்ட கிரெபெரேயா திரிபைனா என்னும் இளம்பெண்ணின் கற்பேழை வெளிப்பட்டது. மூடியை நீக்கியபோது உள்ளே தெளிந்த நீர் நிரம்பியிருக்க, மண்டையோட்டைப் பற்றி வளர்ந்த நீர்ப்பாசி அசைவதைக் கண்டோர், கூந்தல் இன்னும் அழியவில்லையென்றே மயங்கினர். அவளருகே, கைகால்கள் மூட்டுக்கு மூட்டு மடங்குமாறு தந்தத்தில் கடைந்த பாவை ஒன்று இருந்தது. விவாகத்துக்கு முன்பே மாண்டவளோ என்று எண்ணத் தோன்றும் அந்தப் பாவை, இன்றும் ரோமாபுரியிலேயே பாதுகாக்கப்படுகிறது.

இத்தகைய நிலத்தின்மேல் பரந்த கான்கிரீட் தளம் பாவி, ஏறத்தாழ 170 மீட்டர் நீளமும் 155 மீட்டர் அகலமுமாக, டிராவர்டைன் கல் போர்த்து, பண்டைய நியாய சாஸ்திரிகளின் மாபெரும் சிலைகளை நிறுத்திக் கட்டிய மாளிகை, 1911 ஜனவரி 11ஆம் தேதி மன்னர் விக்டர் இம்மானுவேல் முன்னிலையில் திறக்கப்பட்டது. செலவு மதிப்பீட்டைப் பன்மடங்கு மீறியமையால் பாராளுமன்ற விசாரணையும் நடந்தது. எத்தோரே ஸிமெனெஸ் வார்த்த நான்கு குதிரை வெண்கல ரதம் உச்சியில் ஏறியது 1926இல்தான்.

அலங்காரம் மிதமிஞ்சியதென்று ஊரார் அதற்கு ஏளனப் பெயர் சூட்டினர். எனினும் கல்லில் இத்தனை நுட்பமாக இழைத்த கைகளை நான் குறைகூறேன். குற்றம் இடத் தேர்வில்தான். கட்டடத்தின் பாரத்தை அந்த வண்டல் மண் பொறுக்கவில்லை. 1970இல் மாளிகையைக் காலிசெய்து, பல்லாண்டுகள் செப்பனிட நேர்ந்தது. இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் இன்றும் அங்கேதான் கூடுகிறது.