காட்டாமணக்கு, காட்டெலுமிச்சை... செடி பெயரில் வரும் 'காட்டு'க்கு என்ன அர்த்தம்?

கல்பாக்கம் கடலோரத்தில் வரிசையாக நட்டு வளர்த்த சவுக்குத் தோப்பும் பேச்சில் 'சவுக்குக் காடு'தான். ஆனால் செடியின் பெயருக்கு முன்னால் 'காட்டு' வந்தால் அர்த்தம் வேறு. பார்க்க வீட்டுச் செடி மாதிரி இருக்கும், அதுவே இல்லை! செங்கல்பட்டு பக்கத்துக் குறுங்காடுகளில் இருக்கும் காட்டெலுமிச்சை, எலுமிச்சைக்குச் சொந்தம். முள், இலை வாசனை, குட்டிக் காய் எல்லாம் உண்டு.

காட்டாமணக்கு விஷயத்தில்தான் உஷாரா இருக்கணும். வேலியோரம் வளரும் இது நம்ம ஊர் காட்டுச் செடியே இல்லை, மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. விதை கடலை மாதிரி ருசிப்பதால் குழந்தைகள் தின்றுவிடுகிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, நீரிழப்பு வரும். வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே 108-க்கு போன் பண்ணுங்க. மிச்ச விதையையும் கையோடு கொண்டு போங்க. தின்றது காட்டாமணக்கா, ஆமணக்கா என்று டாக்டருக்குத் தெரியணும். ஆமணக்கு விதையும் விஷம்தான்.