யோன் ஓலாஃப்சன்: தரங்கம்பாடிக்கு வந்த ஐஸ்லாந்துப் பயணி

யோன் ஓலாஃப்சன் (1593 – 1679) ஐஸ்லாந்து நாட்டைச் சேர்ந்த பீரங்கி வீரர். டேனியக் கப்பலில் தமிழகம் வந்து, தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையில் பணியாற்றியவர். முதுமையில் தன் வாழ்க்கையையும் பயணங்களையும் ஐஸ்லாந்து மொழியில் எழுதினார். அந்நாட்டு மக்கள் அவரை 'இந்தியாஃபாரி' என்று அழைக்கின்றனர். 'இந்தியாவுக்குப் போய்வந்தவர்' என்பது அதன் பொருள்.

தரங்கம்பாடி என்றதும் ஓவே கெட்டே, ரகுநாத நாயக்கர், சீகன்பால்கு ஆகிய பெயர்களே நினைவுக்கு வரும். தளபதியாகவோ பாதிரியாராகவோ இல்லாமல், சம்பளத்துக்கு வேலை செய்த ஓர் எளிய மனிதரின் கண் வழியாக அந்த ஊரின் தொடக்க ஆண்டுகளைக் காட்டுவது யோனின் நூல். தமிழகத்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலான பழைய தொடர்பைத் தேடுபவர் முதலில் சென்று சேரும் இடமும் இந்நூலே. இன்று குளிர்காலத்தில் ஐஸ்லாந்தைச் சாலை வழியே சுற்றிப் பார்க்கத் திட்டமிடும் தமிழர்களுக்கும் யோனின் வாழ்க்கையில் ஒரு பாடம் உண்டு.

பின்னணி

ஐஸ்லாந்து வட அட்லாண்டிக் கடலில் உள்ள தீவு நாடு. பரப்பளவு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடச் சிறியது. மக்கள் தொகை இன்றும் நான்கு லட்சத்தை எட்டவில்லை. 14-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இத்தீவு டேனிய அரசின் கீழ் இருந்தது. 1602-இல் டேனிய அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஐஸ்லாந்து வணிகத்தை டேனிய வணிகர்களுக்கு மட்டுமே உரியதாக்கினார். 1918-இல் இறையாண்மை பெற்ற ஐஸ்லாந்து, 1944 ஜூன் 17 அன்று குடியரசானது.

தரங்கம்பாடியின் கதையும் அதே அரசரிடம்தான் தொடங்குகிறது. நான்காம் கிறிஸ்டியன் ஆதரவில் 1616-இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. ஓவே கெட்டேயின் தலைமையில் 1618-இல் புறப்பட்ட கப்பல்கள் 1620-இல்தான் இலங்கையை அடைந்தன. வழியில் பலர் நோயால் இறந்தனர். 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அரசருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பப்பட்ட கடிதம் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1621-இல் கெட்டே திரும்பிச் சென்றபின் ரோலன்ட் கிராப்பே பொறுப்பேற்றார்.

ஆகவே ஐஸ்லாந்து மீனவனும் தரங்கம்பாடிக் கோட்டையும் ஒரே அரசரின் ஆணைக்குள் வந்தது தற்செயலானது அல்ல. யோன் அந்த இணைப்பின் வழியாகவே இங்கு வந்தார்.

இளமை

யோன் 1593 நவம்பர் 4 அன்று ஐஸ்லாந்தின் வடமேற்குப் பகுதியான மேற்கு ஃபியோர்டுகளில், ஆல்ஃப்தாஃபியோர்து கரையில் பிறந்தார். ஃபியோர்டு என்பது செங்குத்தான மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளமாகப் புகுந்திருக்கும் கடல். மலைக்கும் நீருக்கும் இடையே உள்ள ஒடுங்கிய நிலத்தில் ஆடு வளர்ப்பதும் மீன் பிடிப்பதும் மக்களின் பிழைப்பு.

1615-இல் அவ்வழியே வந்த ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறி யோன் இங்கிலாந்து சென்றார். பின் கோபன்ஹேகனை அடைந்து அரசரின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அரசரின் கப்பல்களில் வடகடலுக்கு, ஸ்பிட்ஸ்பெர்கன் வரை சென்றார். பனிக்கட்டி மிதக்கும் கடலைப் பார்த்த அதே மனிதர் சில ஆண்டுகளில் சோழமண்டலக் கரையின் வெயிலையும் பார்க்க நேர்ந்தது.

கப்பல் பயணமும் பருவமும்

1622 அக்டோபரில் 'கிறிஸ்டியன்ஸ்ஹாவன்' என்ற கப்பலில் யோன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1623-இல் தரங்கம்பாடியை அடைந்தார்.

பாய்மரக் கப்பல் காலத்தில் புறப்படும் நாளைக் காற்றே முடிவு செய்தது. ஐரோப்பாவின் இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ புறப்பட்ட கப்பல், நன்னம்பிக்கை முனையைக் கடந்தபின் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் இந்தியக் கரையை எளிதில் அடையும். சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் சரக்கை இறக்கி ஏற்றிவிட வேண்டும். தரங்கம்பாடியில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான் ஆட்களையும் மூட்டைகளையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் புயலில் திறந்த கடலில் நிற்கும் கப்பலுக்குப் பாதுகாப்பு இல்லை.

இவ்வாறு நாள் பார்த்துத் திட்டமிடுவது ஆளுநர் முதல் படகோட்டி வரை அனைவருக்கும் தெரிந்த நடைமுறை. அதைத் தவறவிட்டால் கப்பலும் உயிரும் போகும்.

தரங்கம்பாடியில்

யோன் வந்தபோது கோட்டை கட்டி மூன்று ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. ஊரோ மிகப் பழையது. கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் ஆட்சியில் கட்டப்பட்டது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி.

கோட்டையில் காவல் பணி செய்த யோன் தான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நினைவில் வைத்திருந்தார். கோயில், விழா ஊர்வலம், கோயிலைச் சார்ந்த பெண்களின் ஆடல், ஊர் மக்களின் பழக்கவழக்கங்கள் ஆகியவை அவர் நூலில் இடம்பெறுகின்றன. கோட்டைக்குள் வீரர்களின் அன்றாட வாழ்க்கை, மேலதிகாரிகளின் தண்டனைகள், உடன் வந்தவர்களின் நோயும் மரணமும் அதில் உள்ளன. அரசு ஆவணங்களில் கணக்கும் கட்டளையும் மட்டுமே கிடைக்கும். படைவீரன் என்ன உண்டான், எதற்கு அஞ்சினான் என்பதை அறிய இத்தகைய நூலே உதவும்.

விபத்தும் திரும்பும் பயணமும்

தரங்கம்பாடியில் நேர்ந்த ஒரு வெடிமருந்து விபத்தில் யோன் கடுமையாகக் காயமுற்றார். கைகள் ஊனமாயின. பீரங்கி வீரனுக்குக் கையே தொழில். வேலைக்கு உதவாத நிலையில் 1624-இல் அவர் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்.

திரும்பி வந்த கப்பலின் பெயர் 'பெர்லன்', அதாவது முத்து. வட அட்லாண்டிக் புயலில் சிக்கிச் சிதைந்த அக்கப்பல், மாலுமிகள் பலரை இழந்து, அயர்லாந்தின் யூகல் துறைமுகத்தில் ஒதுங்கியது. யோன் அங்கிருந்து 1625-இல் கோபன்ஹேகன் வந்தார். 1626-இல் ஐஸ்லாந்து திரும்பினார். வீட்டை விட்டுப் போய் 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிற்காலத்தில் ஆல்ஃப்தாஃபியோர்து கரையிலேயே எய்ரார்தாலுர் பண்ணையில் வாழ்ந்தார். 1679-இல் தமது 85-ஆம் வயதில் காலமானார்.

பயணநூல்

1661-இல், விபத்து நடந்து சுமார் 37 ஆண்டுகளுக்குப் பின், யோன் தமது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நீண்ட காலம் அது கையெழுத்துப் பிரதியாகவே ஊர் ஊராகப் படி எடுக்கப்பட்டுப் பரவியது. நீண்ட குளிர்கால இரவுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் கம்பளி நூற்றபடியே கேட்பது ஐஸ்லாந்துப் பண்ணை வீடுகளின் வழக்கம். நம் ஊர்த் திண்ணைகளில் பாரதம் படித்ததற்கு ஒப்பானது அது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்ஃபூஸ் பிளோண்டால் இதைப் பதிப்பித்தார். பெர்தா ஃபில்பாட்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஹக்லூயிட் சங்கம் 1923-இல் முதல் தொகுதியையும், இந்தியப் பயணம் அடங்கிய இரண்டாம் தொகுதியை 1932-இலும் வெளியிட்டது.

இந்நூலை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. முதுமையில் நினைவிலிருந்து எழுதப்பட்டது. கேள்விப்பட்ட செய்திகளும் கண்டவற்றோடு கலந்துள்ளன. லூத்தரன் கிறிஸ்தவராகிய யோன் இந்துக் கோயில் வழிபாட்டைத் தன் சமயக் கண்ணோடுதான் பார்க்கிறார். இவற்றை மனத்தில் கொண்டு, கல்வெட்டுகளோடும் டேனிய ஆவணங்களோடும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

யோனின் ஊருக்கு இன்று: குளிர்காலச் சாலைப் பயணம்

யோன் வாழ்ந்த கரையில் இன்று சூடாவிக் என்ற சிற்றூர் உள்ளது. எய்ரார்தாலுரின் பழைய பண்ணை வீட்டில் ஆர்க்டிக் நரி பற்றிய ஒரு காட்சியகம் இயங்குகிறது. துருவ ஒளியைக் காணக் குளிர்காலத்தில் ஐஸ்லாந்து செல்லும் தமிழர்கள் இவ்வூரையும் பார்க்க விரும்பினால் சில செய்திகளை அறிந்து திட்டமிட வேண்டும்.

முதலாவது, பாதை. நாட்டைச் சுற்றிவரும் முதல் எண் நெடுஞ்சாலையின் நீளம் 1,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தெற்கில் பனியாறுகளிலிருந்து பாயும் ஆறுகளுக்குப் பாலம் இல்லாததால் இவ்வளையம் 1974-இல்தான் முழுமையடைந்தது. மேற்கு ஃபியோர்டுகள் இந்த வளையத்தில் சேரா. தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து சூடாவிக் 400 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. வாலாஜாபேட்டையிலிருந்து மதுரைக்குப் போவது போன்ற தொலைவு என்று எண்ணி ஒரே பகலில் முடிக்க நினைக்கக் கூடாது. ஹோல்மாவிக் ஊரில் ஓர் இரவு தங்குவது நல்லது. அதற்கு அப்பால் மலைமேட்டைக் கடந்து ஃபியோர்டுகளின் ஓரமாக வளைந்து செல்லும் சாலையில் ஊர்களும் எரிபொருள் நிலையங்களும் மிகக் குறைவு.

இரண்டாவது, பகல். டிசம்பர் இறுதியில் ரெய்க்யாவிக்கில் பகல் சுமார் நான்கு மணி நேரமே. சூடாவிக்கை அடுத்த இசாஃப்யோர்தூர் நகரில் மலைகள் மறைப்பதால் நவம்பர் இறுதி முதல் ஜனவரி இறுதி வரை சூரியனே தென்படாது. சூரியன் திரும்பி வருவதை ஜனவரி 25 அன்று காப்பியும் பணியாரம் போன்ற தோசையும் உண்டு கொண்டாடுகிறார்கள். நாம் தை முதல் நாளில் பொங்கலிட்ட சில நாட்களில் அங்கும் சூரியனுக்கு ஒரு விழா.

மூன்றாவது, காற்றும் பனியும். கடலோர வெப்பநிலை குளிர்காலத்தில் பெரும்பாலும் சுழியத்தை ஒட்டியே இருக்கும். குளிரைவிட ஆபத்தானது காற்று. வண்டியின் கதவையே பிய்த்துவிடும் வேகத்தில் வீசும். சாலையில் உறைந்த பனிப்படலம் கண்ணாடிபோல் வழுக்கும். ஆணி பதித்த குளிர்கால டயர்கள் உள்ள வண்டியையே வாடகைக்கு எடுக்க வேண்டும். அங்கு சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். உள்நாட்டு மலைச் சாலைகள் குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும்.

நான்காவது, எச்சரிக்கை. நம் வானிலை மையம் போலவே அங்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை விடப்படுகிறது. சாலை மூடப்பட்டதா என்பதைச் சாலைத் துறையின் 1777 என்ற எண்ணில் கேட்டறியலாம். அவசர உதவிக்கு 112.

இந்த எச்சரிக்கையின் பொருளைச் சூடாவிக் நன்கு அறியும். 1995 ஜனவரி 16 அன்று விடியுமுன் மலையிலிருந்து பனிச்சரிவு ஊர்மீது இறங்கியதில் 14 பேர் இறந்தனர். புயலால் சாலைகள் அடைபட்டிருந்தன. மீட்புக் குழுவினர் கடல் வழியாகவே வந்து சேர்ந்தனர். அதன்பின் ஆபத்தான இடத்திலிருந்த குடியிருப்புகள் கைவிடப்பட்டு, பாதுகாப்பான பகுதியில் ஊர் புதிதாகக் கட்டப்பட்டது. சூடாவிக்குக்கும் இசாஃப்யோர்தூருக்கும் இடையிலான மலையடிவாரச் சாலை பனிச்சரிவு அபாயத்தால் இன்றும் குளிர்காலத்தில் அடிக்கடி மூடப்படுகிறது.

பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இது புரியாத செய்தி அல்ல. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, தினமும் கடந்த தரைப்பாலமும் நமக்கு மூடப்பட்டதாயிற்று. தண்ணீர் வடியும்வரை காத்திருப்பவர் வீடு சேர்வார். ஐஸ்லாந்துப் பயணத் திட்டத்திலும் காத்திருப்பதற்கென்றே இரண்டு நாட்களைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும். விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் மூடிய சாலையில் இறங்குவதே பெரும் தவறு.

மதிப்பீடு

தரங்கம்பாடியை டேனியர்கள் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். கோட்டையும் கோயிலும் இன்றும் அதே கடற்கரையில் அலைகளை எதிர்கொண்டு நிற்கின்றன. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்குவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, எழுதத் தெரிந்த ஒரு பீரங்கி வீரர் இவ்வூரைப் பார்த்துச் சென்றுள்ளார். அவர் ஊனமுற்ற கைகளோடு வீடு திரும்பி, முதுமையில் எழுதி வைத்ததால்தான் அவரோடு கப்பலேறிய பெயரற்ற பலரின் வாழ்வும் சாவும் நமக்குத் தெரியவருகின்றன. தரங்கம்பாடி பற்றிய பகுதியேனும் மூலத்திலிருந்து தமிழில் பெயர்க்கப்பட்டால் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.