ஸ்டவ் என்னும் எழுவாய்

செய்தித்தாள் வாக்கியத்துக்கும் சரித்திரம் உண்டு. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்ற ரகத் தலைப்பில் காரியம் செய்வது ஸ்டவ் ஒன்றுதான். கணவன் இல்லை, மாமியார் இல்லை, பாக்கி நிற்கும் பவுன் இல்லை. ‘தீராத வயிற்றுவலி’க்கும் இதே இலக்கணம். இவை நிருபரின் வாக்கியங்கள் அல்ல; போலீஸ் ஸ்டேஷனின் வாக்கியங்கள். 1942இல் மதுரையில் ஆரம்பித்த ‘தினத்தந்தி’ டீக்கடையில் உரக்கப் படிக்கத் தோதான தமிழைக் கொண்டுவந்தது. ஆனால் சாவின் காரணத்தைத் தமிழ்த் தினசரிகள் பெரும்பாலும் ஸ்டேஷனிடமே இரவல் வாங்கின.

1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. தலைப்பு மாறவில்லை. 1979இல் டில்லியில் ஸ்திரீ சங்கர்ஷ் பெண்கள், தற்கொலை என்று போலீஸ் பதிவு செய்த ஒரு சாவைக் கொலை என்று சொல்லிக் கணவன் வீட்டு வாசலுக்கே ஊர்வலம் போனார்கள். பத்திரிகைகள் அதை எழுதின. ஸ்டேஷனுக்கு வெளியிலும் ஒரு வாக்கியம் பிறக்க முடியும் என்று தெரிந்தது.

1983இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்துக்கிடமாக இறந்தாலோ நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயமாயிற்று. விளாத்திகுளத்திலோ எட்டயபுரத்திலோ ஒருத்தி செத்தால் செய்தியின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: கல்யாணமாகி இத்தனை வருஷமே ஆவதால் கோவில்பட்டி ஆர்.டி.ஓ. விசாரிக்கிறார். பத்திரிகையின் மனசாட்சி எழுதிய வரி அல்ல இது. சட்டம் எழுத வைத்தது. எனினும் அவள் கல்யாணமும் அவள் சாவும் ஒரே வாக்கியத்தில் சந்தித்தது அங்கேதான். 1986இல் ‘வரதட்சணைச் சாவு’ என்றே தனிக் குற்றம் சட்டத்தில் ஏறியது. 2024 ஜூலையில் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறின. ஏழு வருஷக் கணக்கு மாறவில்லை. சாவும் நிற்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் 6,000க்கு மேல்.

அந்த வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆர்.டி.ஓ. என்ன கண்டார் என்பது அச்சேறுவது அபூர்வம். எட்டாம் வருஷத்தில் சாகிறவளுக்கு அந்த வரியும் நிச்சயமில்லை.

கரிசலில் பல வீடுகளில் புரட்டாசி விதைப்புக்கு முதல் மருமகளின் நகைதான். மழை பொய்த்தால் அடகு மீளாது. மறுபடி அவள் பிறந்த வீட்டைப் பார்த்துக் கை நீளும். மானாவாரியின் இந்தக் கணக்கு பாங்க்கின் நகைக்கடன் லெட்ஜரில் தேதிவாரியாக இருக்கிறது. மாவட்டச் செய்திப் பக்கத்தில் இல்லை. அடுப்படியை விட்டு ஸ்டவ் போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது ‘குடும்பத் தகராறு’ உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் கை கால் இல்லை.