கந்தசாமிப் பிள்ளையின் கணக்கு

சென்னையின் போக்குவரத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் வருஷங்களை அடுக்கிவிடுவார்கள். 1895இல் டிராம், 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், 1947இல் அரசு பஸ், 1972இல் பல்லவன், 1995இல் பறக்கும் ரயில், 2015இல் மெட்ரோ. தகவல்கள் சரிதான். ஆனால் இந்த வரிசையில் பிரயாணி இல்லை. அவனைப் பார்க்க ஒரு சிறுகதைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைக் கடவுளுக்காகவே படித்துப் பழகிவிட்டோம். கடவுள் வருவதற்கு முன்பே, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுமிடத்தில் நின்று பிள்ளை டிராமா பஸ்ஸா என்று யோசிக்கிறார். எதில் போனால் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சுவதில் வெற்றிலையா காப்பியா என்பது பிரச்னை. விமர்சகர்கள் இதை ஹாஸ்யம் என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இது ஒரு நகர நிர்வாகத்தைப் பற்றிய சாட்சியம். டிராம் ஒரு கம்பெனியுடையது. பஸ்கள் தனியார் முதலாளிகளுடையவை. தாம்பரம் ரயில் வேறொரு கம்பெனி. ஒன்றின் டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் வேலை, சம்பளமில்லாமல், பிள்ளையின் தலையில் விழுந்தது.

அவருக்கு இருந்த தேர்வில் ஒன்று 1953 ஏப்ரலில் போயிற்று. நஷ்டம் என்று கம்பெனி டிராமை நிறுத்தியது. ஐம்பத்தெட்டு வருஷம் ஓடிய வண்டி.

பிள்ளைக்குப் பூர்வீகம் மேலகரம். எங்கள் சேரன்மகாதேவியைத் தாண்டிப் போகும் ரயில் பாதையில் தென்காசி, அதையொட்டிய ஊர். இந்தப் பாதையும் தாம்பரம் மின்சார ரயிலும் ஒரே மீட்டர் கேஜ். அங்கே 2004இலும் இங்கே 2012இலும் மாற்றினார்கள்.

வங்கிக் குமாஸ்தாவாக மூன்று வருஷம் பாரிமுனையில் வேலை பார்த்தேன். தாம்பரத்தில் அறை. பையில் ரயில் சீசன் டிக்கெட். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கியபின் பஸ்ஸுக்குத் தனிக் காசு. நடந்தேன். காப்பிக்கு மிஞ்சியது. பிள்ளை நின்ற முனைக்குப் பக்கத்திலேயே அதைக் குடித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. பகலெல்லாம் பிறர் கணக்கைக் கூட்டுகிறவனுக்கு இது தெரியாமல் போனதில் எனக்கு வெட்கம்தான்.

ரயில், பஸ், மெட்ரோ எல்லாவற்றையும் இணைக்க ஓர் ஆணையம் என்று 2010இல் சட்டம் வந்தது. பல வருஷம் ஏட்டிலேயே கிடந்தது. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியைத் தொட்டது. பரங்கிமலைக்கு மிச்சம் 5 கிலோமீட்டர். அதில் சுமார் 500 மீட்டர், நில வழக்கில் பல வருஷம் சிக்கிக் கிடந்தது. திட்டம் தீட்டுகிறவர்களுக்கு இது வரைபடத்தில் ஒரு நகக்கண் அளவு. இறங்கி நிற்கிறவனுக்கு ஒரு ஷேர் ஆட்டோ.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆண்களுக்கு ரயில்தான் மலிவு. திருநெல்வேலிக்குப் போக வேண்டுமென்றால் அம்மா பஸ்ஸில் ஏறிக்கொள்கிறாள், நான் ரயிலில். ஜங்ஷனுக்கு முதலில் வந்தவர் மற்றவருக்காகக் காத்து நிற்கிறோம்.